ஸ்கேன் சென்டர்ல டிஎல்டி பேட்ஜ் தரமாட்டேங்கிறாங்க, சட்டம் என்ன சொல்லுது?

வைப்பாறு_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். டிப்ளமா முடிச்சிட்டு எங்க ஊர்ப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர்ல டெக்னீஷியனா இருக்கேன். சென்டர் பேரு, ஊர் பேரு எதுவும் சொல்லமாட்டேன், கேக்காதீங்க. ஒரு எக்ஸ்ரே, ஒரு சிடி. ரெண்டையும் நானும் இன்னொரு அக்காவும்தான் பாத்துக்கிறோம்.

சேரும்போதே டிஎல்டி பேட்ஜ் (நம்ம மேல எவ்வளவு கதிர்வீச்சு பட்டுச்சுன்னு அளக்கிறது) கேட்டேன். "அப்ளை பண்ணிருக்கும்மா, வரும்"னாங்க. ஆனா ரிசப்ஷன் டிராயர்ல மூணு பேட்ஜ் கிடக்கு. அதுல இருக்கிற பேரெல்லாம் எப்பவோ வேலையை விட்டுப் போனவங்க பேரு. காலாண்டு முடிஞ்சா அதை அப்படியே கவர்ல போட்டு லேபுக்கு அனுப்புறாங்க. ஜீரோன்னு ரிப்போர்ட் வருது, ஃபைல்ல போகுது. யாராவது செக்கிங் வர்றாங்கன்னா மட்டும் "ஆளுக்கொண்ணு மாட்டிக்கோங்க"ம்பாங்க.

சின்னப் பிள்ளைங்களுக்குப் படம் எடுக்கும்போது பிள்ளையைப் பிடிச்சுக்கிறதும் நாங்கதான். அம்மாக்காரங்க பயந்துக்கிட்டு வெளிய போயிருவாங்க. லெட் ஏப்ரன் (கதிரைத் தடுக்கிற ஈய அங்கி) ஒண்ணுதான் இருக்கு.

எனக்குக் கல்யாணம் பேசிட்டு இருக்காங்க. "இந்த வேலையில இருந்தா நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது ஆயிருமா"ன்னு அம்மா தினமும் கேக்குறாங்க. பேட்ஜ் கட்டாயம்னு சட்டமே இருக்கா, இல்ல காலேஜ்ல சும்மா சொல்லிக் குடுத்ததா? இருந்தா யார்கிட்ட சொல்லணும்? வேலை போகாம சொல்ல வழி இருக்கா?

டவர்_வேண்டாம்:
தங்கச்சி, எக்ஸ்ரேயாவது ஒரு செகண்டு. எங்க தெருவுல மொட்டை மாடிக்கு மொட்டை மாடி செல்போன் டவர் நட்டு வெச்சிருக்கான். இருபத்துநாலு மணி நேரமும் கதிர்வீச்சு. அதுக்கு எந்தச் சட்டமும் இல்ல, எந்த பேட்ஜும் இல்ல.

பழைய_ஆர்எஸ்ஓ:
டவர் நண்பருக்கு முதலில் ஒரு வரி. டவருக்கும் வரம்பு இருக்கிறது, ஆனால் அது வேறு துறை, வேறு விதி. அது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கும் வலு இல்லாத கதிர், தொலைத்தொடர்புத் துறையின் கையில் இருக்கிறது. சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு என்று 2012 செப்டம்பரிலிருந்து இந்தியா குறைத்து வைத்திருக்கிறது. 1800 மெகாஹெர்ட்ஸுக்கு சதுர மீட்டருக்கு 0.92 வாட். அளந்து பார்க்கச் சொல்லி மனு போடலாம். இந்த இழையில் அதை இழுக்க வேண்டாம்.

இப்போது தங்கைக்கு. நான் ஒரு மருத்துவமனையில் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலராக (ஆர்எஸ்ஓ) இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கல்லூரியில் படித்தது சும்மா சொன்னதல்ல. அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள், 2004 என்று மத்திய அரசு விதியே இருக்கிறது. அதற்கு முன்பு 1971ஆம் ஆண்டு விதிகள் இருந்தன. அமல்படுத்துவது மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், நாம் ஏஈஆர்பி என்கிறோமே அது. 1983 நவம்பரில் அமைத்தார்கள்.

அந்த விதிப்படி கதிர்வீச்சு வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் அளவு பார்க்கும் ஏற்பாட்டைச் செய்து தர வேண்டியது முதலாளி. செலவும் அவருடையது. பதிவேட்டைப் பராமரிப்பது, நீங்கள் கேட்டால் உங்கள் அளவைக் காட்டுவது, வேறு இடத்துக்குப் போகும்போது உங்கள் கணக்கைக் கொடுத்தனுப்புவது எல்லாம் அவர் கடமை. 18 வயது நிரம்பாதவரை இந்த வேலையில் வைக்கவே கூடாது. பயிற்சிக்கு என்றாலும் 16 ஆகியிருக்க வேண்டும்.

வரம்பு என்ன? பணியாளருக்கு ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. பல நாடுகளில் அந்த ஓராண்டு உச்சம் 50. நம்முடையது அதைவிடக் கறார். பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. நோயாளிக்கு வரம்பே கிடையாது, பலரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள். தேவை இருந்தால் டாக்டர் சிடி எழுதலாம். தேவையில்லாமல் எழுதக் கூடாது, தேவையான படத்துக்கு எவ்வளவு குறைவான கதிர் போதுமோ அவ்வளவுதான் கொடுக்க வேண்டும், அவ்வளவே.

உங்கள் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மெஷினை அணைத்தால் கதிர் இல்லை. அறையிலோ, உங்கள் உடையிலோ, உடம்பிலோ எதுவும் தங்காது. சிடி கன்சோலில் லெட் கிளாஸுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒழுங்காக வேலை பார்க்கும் டெக்னீஷியனின் பேட்ஜில் பெரும்பாலும் சொல்லும்படி ஒன்றும் விழாது. கர்ப்பம் தெரிந்ததும் முதலாளியிடம் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு வயிற்றில் இருக்கும் குழந்தைக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட், அதாவது பொதுமக்களில் ஒருவருக்கு உள்ள அதே அளவு. தேவைப்பட்டால் வேலையை அதற்கேற்ப மாற்றித் தருவதற்காகத்தான் தெரிவிக்கச் சொல்கிறது விதி. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் குழந்தைகளைப் பிடிப்பதுதான். ஊழியர் வழக்கமாகப் பிடிக்கவே கூடாது. பெற்றோரோ உறவினரோ ஏப்ரன் போட்டுக்கொண்டு பிடிக்க வேண்டும். ஒரு தாய் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ பிடிப்பார். நீங்கள் தினமும் பிடிக்கிறீர்கள், பேட்ஜும் இல்லாமல். அந்தக் கணக்கு எங்கேயும் எழுதப்படவில்லை.

டிராயரில் கிடக்கும் பேட்ஜை அனுப்பி ஜீரோ வாங்குவதற்கு என்ன பெயர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பல்லாண்டு:
நான் பல் டாக்டர். சொந்த கிளினிக். எல்லாரும் முதலாளியைத் திட்டுறீங்க, அந்தப் பக்கமும் கொஞ்சம் கேளுங்க. பல் எக்ஸ்ரே மெஷின் வாங்குறதுக்கே இ-லோரான்னு ஒரு வெப்சைட்ல பதிவு பண்ணணும், மெஷின் மாடல் ஏஈஆர்பி ஒப்புதல் வாங்கினதா இருக்கணும், ரூம் பிளான் ஏத்தணும், தரப் பரிசோதனைச் சான்று வேணும். ஓடிபி வராது, பாஸ்வேர்டு மறந்துபோகும், லாகின் பண்ணிக் குடுக்க ஏஜென்ட் ஒருத்தன் காசு கேப்பான். ஒரு பல்லுக்கு எடுக்கிற படத்துல எத்தனை டோஸ்? விமானத்துல டெல்லி போய் வந்தா அதைவிட ஜாஸ்தி. யானைக்கும் பூனைக்கும் ஒரே சங்கிலியா?

பழைய_ஆர்எஸ்ஓ:
டாக்டர் சார், டோஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பல் படம் ஒன்றுக்கு மிகச் சொற்பம். ஆனால் சங்கிலி ஒன்றல்ல. சிடி, கேத் லேப் (இதய ரத்தக்குழாயைப் படம் எடுக்கும் அறை), கோபால்ட் சிகிச்சை இதற்கெல்லாம் இருக்கும் கெடுபிடி உங்களுக்குக் கிடையாது. உங்களிடம் கேட்பது அடிப்படை: மெஷின் ஒழுங்காக இருக்கிறதா, கதிர் போகிற திசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள். மெல்லிய பார்ட்டிஷன் பலகைக்கு இந்தப் பக்கம் மெஷின், அந்தப் பக்கம் நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சு என்று எத்தனை கிளினிக் பார்த்திருப்பீர்கள்? பார்ட்டிஷன் பலகை எக்ஸ்ரேயை நிறுத்தாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் நிறுத்தும். அதனால்தான் பிளான் கேட்கிறார்கள்.

பல்லாண்டு:
செங்கல் சுவர்தான் சார் என்னுது 🙂 இ-லோரா சர்வரைப் பத்தி நீங்க பதில் சொல்லவே இல்ல.

நெறியாளர்:
டவர் பற்றி மேற்கொண்டு வந்த பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன்.

ஓடி_சிஸ்டர்:
நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்ல ஸ்டாஃப் நர்ஸ். எலும்பு ஆபரேஷனுக்கு சி-ஆர்ம் (ஆபரேஷன் நடக்கும்போதே திரையில எக்ஸ்ரே காட்டுற மெஷின்) போடுவாங்க. ஏப்ரன் ரெண்டு. ஒண்ணு சர்ஜனுக்கு, ஒண்ணு அசிஸ்டன்ட்டுக்கு. நாங்க, அனஸ்தீசியா டாக்டர், தியேட்டர் அண்ணன் எல்லாம் சும்மாதான் நிப்போம். "ஷூட்"னு சர்ஜன் சொன்னதும் நாங்க ஆளுக்கொரு மூலைக்கு ஓடுவோம், பாக்க சிரிப்பா இருக்கும். எக்ஸ்ரே டிபார்ட்மென்ட் ஆளுக்கு மட்டும் பேட்ஜ் இருக்கு. எங்களைக் கேட்டா "நீங்க ரேடியேஷன் ஒர்க்கர் இல்ல"ங்கிறாங்க. அப்ப என் மேல படுறது என்ன, நிலா வெளிச்சமா?

பழைய_ஆர்எஸ்ஓ:
சிஸ்டர், ஓடுவது சரியான காரியம், சிரிக்க வேண்டாம். தூரம் இரண்டு மடங்கானால் படுவது கால்வாசி ஆகிவிடும். நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வருவதுதான் உங்களுக்கு வருவது. குழாய் இருக்கிற பக்கம் சிதறல் அதிகம், அந்தப் பக்கம் நிற்காதீர்கள்.

சட்டப்படி பார்த்தால் பதவிப் பெயர் என்ன என்பது கேள்வியே இல்லை. வேலையின் பகுதியாக வழக்கமாகக் கதிர்வீச்சுக்கு அருகில் நிற்கிறவரா என்பதுதான் கேள்வி. வாரத்துக்கு நான்கைந்து சி-ஆர்ம் கேஸில் நிற்கிற நர்ஸ் கண்டிப்பாக அதில் வருவார். ஏப்ரன் குறைந்தது 0.25 மில்லிமீட்டர் ஈயத்துக்கு நிகராக இருக்க வேண்டும். அறைக்குள் எத்தனை பேர் நிற்பார்களோ அத்தனை இருக்க வேண்டும். சர்ஜன்களுக்கு ஒரு வார்த்தை: கண் லென்ஸுக்கான வரம்பு முன்பு ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட். கண்புரை அதைவிடக் குறைந்த அளவிலேயே வருகிறது என்று தெரிந்ததும் 2011ல் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் அதை 20க்கு இறக்கச் சொல்லிவிட்டது.

ஏப்ரனை எப்படி வைக்கிறார்கள் உங்கள் தியேட்டரில்?

ஓடி_சிஸ்டர்:
மடிச்சு ஸ்டூல் மேல போட்டிருப்பாங்க. சில நாள் அது மேலயே உக்காந்து சாப்பிடுவோம்.

பழைய_ஆர்எஸ்ஓ:
மடித்த இடத்தில் உள்ளே ஈயப் பொருள் விரிசல் விடும். வெளித்துணி புதுசு போலவே இருக்கும். ஹேங்கரில்தான் மாட்ட வேண்டும். கேஸ் இல்லாத நேரம் பார்த்து ஏப்ரனை விரித்து சி-ஆர்முக்குக் கீழே வைத்துத் திரையில் பார்க்கச் சொல்லுங்கள். விரிசல் வெள்ளைக் கோடாகவோ கறுப்புக் கோடாகவோ, உங்கள் மெஷின் செட்டிங்கைப் பொறுத்து, பளிச்சென்று தெரியும். அந்தப் படத்தை நிர்வாகத்துக்கு அனுப்பினால் பத்துப் பக்கக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

காமாக்காரன்_திருச்சி:
நம்ம தொழில் வேற. பாய்லர், பைப் வெல்டிங் ஜாயின்ட்டுக்குப் படம் எடுக்கிறது. ஆஸ்பத்திரி மெஷின் சுவிட்சைப் போட்டாத்தான் கதிர். எங்க கேமராவுக்கு சுவிட்சே கிடையாது. உள்ள இரிடியம்-192 குண்டு (கதிர் வீசுற சின்ன உலோகத் துண்டு, சோர்ஸ்னும் சொல்வோம்), ராத்திரி பகல் அது பாட்டுக்கு வீசிக்கிட்டே இருக்கும். கேபிளைச் சுத்தி வெளிய தள்ளி, படம் எடுத்து, திரும்ப உள்ள இழுக்கணும். முழுசா உள்ள வந்துச்சான்னு சர்வே மீட்டர் வெச்சுப் பாக்காம ஒரு அடி எடுத்து வெக்கக் கூடாது. உலகத்துல நடந்த கேமரா விபத்துல நிறைய இந்த ஒரு இடத்துலதான்: சோர்ஸ் உள்ள வந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டுப் பக்கத்துல போறது.

பேட்ஜ் மட்டும் போதாது எங்களுக்கு. பேட்ஜ் மூணு மாசம் கழிச்சுச் சொல்லும். பாக்கெட் டோசிமீட்டர் அப்பவே சொல்லும். ரெண்டும் இல்லாம என் குரூப்ல எவனையும் சைட்டுக்குள்ள விடமாட்டேன். ராத்திரி ஷிஃப்டுலதான் வேலை, மத்த ஆளுங்க இருக்கக் கூடாதுன்னு. கயிறு கட்டி, சிவப்பு லைட்டு போட்டு, காவலுக்கு ஆள் நிறுத்தி. அப்படியும் டீ குடிக்கப் போறவன் கயிறைத் தாண்டிக் குறுக்க போவான் பாருங்க, அடிச்சுப் போடலாம்னு வரும்.

சோர்ஸை ஒரு சைட்ல இருந்து இன்னொரு சைட்டுக்கு எடுத்துட்டுப் போக ஏஈஆர்பி அனுமதி வேணும். 74 நாள்ல வீரியம் பாதியாகும். தீர்ந்துபோன குண்டைத் தூக்கிப் போட முடியாது, குடுத்த இடத்துக்கே திருப்பி அனுப்பி ரசீது வாங்கணும். ஒரு குண்டு கணக்குல வரலைன்னா கம்பெனி லைசென்ஸே போயிரும். இந்த பயம் ஸ்கேன் சென்டர்காரங்களுக்கு இல்ல. ஏன்னா அவங்ககிட்ட தொலைஞ்சு போற பொருள்னு ஒண்ணும் இல்ல.

குமாஸ்தா:
திருச்சி அண்ணன் சொன்ன "கணக்குல வராத குண்டு" என்ன பண்ணும்னு பார்க்க வெளிநாடு போக வேண்டாம். 2010 ஏப்ரல், டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தை. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் காமா செல்னு ஒரு ஆராய்ச்சிக் கருவி இருந்தது. கனடாவில் செய்தது, 1960களின் கடைசியில் வாங்கினது. 1985க்கு அப்புறம் யாரும் தொடலை. 2010 பிப்ரவரியில் பழைய சாமானோடு சாமானாக ஏலத்தில் விட்டுட்டாங்க. எடுத்தவங்க ஈயத்துக்காக உடைச்சாங்க. உள்ளே கோபால்ட்-60. துண்டுகள் கடைக்குக் கடை கைமாறிச்சு. ஒருத்தர் சின்னத் துண்டைப் பர்ஸில் வெச்சுக்கிட்டே திரிஞ்சார். தோல் கறுத்து, முடி கொட்டி, ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான் டாக்டர்களுக்குச் சந்தேகமே வந்தது. எட்டுப் பேர் ஆஸ்பத்திரியில், ஒருத்தர் இறந்துபோனார். சர்வதேச அளவுகோலில் நாலாம் நிலை விபத்து.

இதுல சட்டம் எங்க சறுக்கிச்சுன்னு பாருங்க. கருவி வாங்கினப்ப ஏஈஆர்பியே பிறக்கலை. பிறந்த அப்புறம் பழைய கருவியெல்லாம் யார்கிட்ட இருக்குன்னு முழுசா கணக்கெடுக்கலை. 1987லேயே கதிரியக்கக் கழிவு விதிகள் வந்தாச்சு, 2004 விதியும் இருக்கு, அனுமதியில்லாம சோர்ஸைக் கைமாத்தக் கூடாதுன்னு எல்லாத்துலயும் இருக்கு. பதிவேட்டுல இல்லாத பொருளுக்கு விதி இருந்து என்ன, இல்லாட்டி என்ன? விபத்துக்கு அப்புறம் அந்தப் பல்கலைக்கழகத்தின் சோர்ஸ் அனுமதியை நிறுத்தினாங்க. போன உயிர் போனதுதான்.

எக்ஸ்ரேக்கு வருவோம். தணிக்கைத் துறைத் தலைவர், அதான் சிஏஜி, 2012ல் ஏஈஆர்பி பத்தி ஒரு அறிக்கை குடுத்தார். நாட்டில் இருந்த மருத்துவ எக்ஸ்ரே யூனிட் 57,443. பதிவு பண்ணினது 5,270. மிச்சம் 52,173, அதாவது 91 சதவீதம், எந்தப் பதிவும் இல்லாம ஓடிக்கிட்டு இருந்தது. மாநிலத்துக்கு ஒரு கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்ககம் அமைக்கணும்னு 2001லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2012 ஜூலை வரைக்கும் அமைச்சது கேரளாவும் மிசோரமும் மட்டும். மும்பையில் ஆபீஸ், நாடு முழுக்க மெஷின். விருதுநகர் பக்கத்துச் சந்துல இருக்கிற எக்ஸ்ரே ரூமை யார் வந்து பார்ப்பா? அந்த அறிக்கைக்கு அப்புறம்தான் இ-லோரா எல்லாம் வேகம் எடுத்து, பதிவு எண்ணிக்கை எகிறிச்சு. பல் டாக்டர் திட்டுற அதே இ-லோராதான்.

1962 அணுசக்திச் சட்டத்தில் அஞ்சு வருஷம் வரை சிறைன்னு இருந்தது. பேட்ஜ் குடுக்காததுக்கு ஒரு முதலாளி உள்ளே போனதா நான் எந்தக் கோர்ட்லயும் பார்த்ததில்லை.

சதுரங்கப்பட்டினம்:
குமாஸ்தா ஏஈஆர்பியோட கையாலாகாத்தனத்தைச் சொன்னார். கை கட்டப்பட்ட கதையும் இருக்கு. கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் என்பதால் சொல்றேன். 2003 ஜனவரியில் கல்பாக்கம் அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஆறு ஊழியர்களுக்கு ஆண்டு வரம்பைப் பல மடங்கு தாண்டிக் கதிர்வீச்சு பட்டது. வால்வு பழுதாகி, வீரியமான கழிவு வரக் கூடாத தொட்டிக்கு வந்துவிட்டது. அது தெரியாமல் மாதிரி எடுக்க உள்ளே போனார்கள். எச்சரிக்க அந்த இடத்தில் அளவுமானி இல்லை. அந்த ஆலை ஏஈஆர்பிக்குக் கீழே வராது. 2000ஆம் ஆண்டிலேயே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்களை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து அரசு விலக்கிவிட்டது. தன் வீட்டுக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. ஊழியர் சங்கம் சத்தம் போட்டதால்தான் செய்தி வெளியே வந்தது.

ஏஈஆர்பி யாருக்குக் கீழே என்று பார்த்தால் அணுசக்தி ஆணையம். அதன் தலைவர் அணுசக்தித் துறைச் செயலர். அணு உலை கட்டுகிற துறையும் அவருடையதே. 2011ல் தனி அதிகாரம் தர ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், 2014ல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது.

குமாஸ்தா:
அது பழைய நிலவரம். 2025 டிசம்பரில் சாந்தி சட்டம்னு ஒண்ணு நிறைவேத்திட்டாங்க. 1962 சட்டத்துக்குப் பதிலா அது. ஏஈஆர்பிக்கு இப்ப சட்டத்திலேயே இடம் குடுத்திருக்காங்க. அதே சட்டத்துல தனியார் கம்பெனிக்கும் அணு உலைக் கதவைத் திறந்து விட்டிருக்காங்க. வலது கையில் தடி, இடது கையில் அழைப்பிதழ். தடி எப்படி வேலை செய்யுதுன்னு போகப் போகத்தான் பார்க்கணும்.

நல்லூரான்:
இலங்கையில இருந்து எழுதுறன். எங்கட நாட்டில இந்தப் பிரச்சினையை 2014இன் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தில பிரிச்சு வச்சிட்டினம். முந்தி 1969ஆம் ஆண்டுச் சட்டத்தில ஒரே அதிகாரசபைதான் வளர்க்கிறதும் கண்காணிக்கிறதும். இப்ப சபை ஒண்டு பயன்பாட்டைப் பார்க்கும், ஒழுங்குபடுத்தல் பேரவை எண்டு இன்னொண்டு அனுமதிப்பத்திரம் குடுக்கும், சோதனை பண்ணும். அணு உலை ஒண்டும் இல்லாத நாட்டிலேயே பிரிக்கேலும் எண்டால் உங்களால ஏன் ஏலாது? ஆனா பிரிச்சாப்போல எல்லாம் சரியெண்டு நான் சொல்லேல்ல. ஆள் பற்றாக்குறை இங்கயும்தான்.

குமரிக்கரை:
ஒரு மில்லிசீவர்ட், இருபது மில்லிசீவர்ட்னு எல்லாரும் பேசுதீங்க. நாங்க மணவாளக்குறிச்சிப் பக்கம். கடற்கரை மண்ணுலேயே மோனசைட்டுன்னு ஒரு தாது, அதுல கதிர் வீசுற தோரியம். உலகச் சராசரி இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு 2.4ம்பாங்க, எங்க கரையில சில இடத்துல அதுக்கும் பல மடங்கு. எங்களுக்கு யாரு பேட்ஜ் தருவா? ஒரு மில்லிசீவர்ட்டுக்கு மேல மக்களுக்குப் படக் கூடாதுன்னா எங்க ஊரையே காலி பண்ணணும்லா?

பழைய_ஆர்எஸ்ஓ:
நல்ல கேள்வி. அந்த 1 மில்லிசீவர்ட்டில் இயற்கைக் கதிர்வீச்சும் சேராது, மருத்துவத்துக்காகப் படுவதும் சேராது. மனிதன் நடத்தும் ஒரு தொழிலால் கூடுதலாக உங்கள் மேல் படுவதற்குத்தான் அந்த வரம்பு. மண்ணுக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது. ஆனால் அதே மண்ணை அள்ளிப் பிரித்தெடுக்கும் ஆலை நடந்தால், அங்கே வேலை செய்கிறவருக்கும் அதன் கழிவுக்கும் விதி உண்டு. கேரளத்தில் கருநாகப்பள்ளி மக்களிடம் நெடுங்காலம் ஆய்வு செய்து, புற்றுநோய் கூடுதலாக இல்லை என்று 2009ல் வெளியிட்டார்கள். அதை வைத்து "கதிர்வீச்சு எதுவும் செய்யாது" என்று சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மெதுவாக ஆண்டு முழுக்கப் படுவதும், மாயாபுரியில் போல ஒரேயடியாகப் படுவதும் ஒன்றல்ல.

குமரிக்கரை:
ஆலைக் கழிவு விதியைப் பத்தி நான் தனியா ஒரு இழை போடுதேன் சார், அதுல நிறைய கேக்கணும்.

வைப்பாறு_பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. அம்மாகிட்ட ஆர்எஸ்ஓ சார் எழுதினதை அப்படியே வாசிச்சுக் காட்டினேன். "மெஷினை அணைச்சா ஒண்ணும் இல்லையாம்ல"ன்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டாங்க.

பிள்ளை பிடிக்கிறதை நிறுத்திட்டேன். "நீங்களே ஏப்ரன் போட்டுப் பிடிங்கம்மா, உங்களுக்கு வயித்துல எதுவும் இல்லைல?"ன்னு கேட்டுட்டுக் குடுத்துடறேன். முதல்ல முறைச்சாங்க, இப்பப் பழகிட்டாங்க. பேட்ஜ் விஷயம்தான் நகரல. நேரா ஏஈஆர்பிக்கு எழுதினா என் பேரு தெரிஞ்சிரும், இங்க இருக்கிறதே ரெண்டு பேரு. இன்னொண்ணு, லைசென்ஸ் வாங்கும்போது ஆர்எஸ்ஓன்னு யாரோ ஒருத்தர் பேரைப் போட்டிருக்காங்க. அவரை நாங்க பாத்ததே இல்ல.

காமாக்காரன்_திருச்சி:
பேருக்கு ஆர்எஸ்ஓ! எங்க லைன்ல இப்படிப் பண்ணினா சைட்டுக்குள்ளயே விடமாட்டான் தங்கச்சி.

குமாஸ்தா:
படிப்படியா போங்க. முதல் படி எழுத்து. "எனக்கு டிஎல்டி பேட்ஜ் எப்போது கிடைக்கும், என் விவரங்களைத் தர வேண்டுமா"ன்னு மேனேஜருக்கு ஒரு மெயில். குத்தம் சொல்ற தொனி வேண்டாம், கேள்வி மட்டும். பதில் வந்தாலும் வராட்டியும் உங்ககிட்ட ஆதாரம் இருக்கும். வாட்ஸப் வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம்.

ரெண்டாவது, சுவத்துல லைசென்ஸ் மாட்டியிருப்பாங்க. தேதியைப் பாருங்க. பொதுவா அஞ்சு வருஷம் செல்லும். புதுப்பிக்கிற நேரம் நெருங்கினா முதலாளி தானா இறங்கி வருவார், அப்பக் கேக்கிறது பலிக்கும்.

மூணாவது, ஏஈஆர்பிக்குச் சென்னையில் தென் மண்டல மையம் இருக்கு. புகாரை நீங்கதான் அனுப்பணும்னு இல்ல. உங்க ஊர்ல ஒரு நோயாளியோட சொந்தக்காரர்கூட "இங்கே படம் எடுக்கும் பெண்கள் பேட்ஜ் இல்லாமல் நிற்கிறார்கள்"னு எழுதலாம். ஒண்ணு ரெண்டு ஊழியர் இருக்கிற இடத்துல இதுதான் பாதுகாப்பான வழி.

பல்லாண்டு:
முதலாளிகள் சங்கத்துல இருந்து ஒரு யோசனை. அவர்கிட்ட சட்டம் பேசாதீங்க. "சார், நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, டோஸ் இல்லைன்னு காட்ட உங்ககிட்ட பேப்பர் வேணும்ல?"னு கேளுங்க. பேட்ஜ் அவரைக் காப்பாத்துற சீட்டுன்னு புரிஞ்சா அன்னைக்கே ஆர்டர் போடுவார். ஒரு காலாண்டுக்கு ஒரு ஆளுக்கு ஆகிற செலவு ஒரு சிடி கட்டணத்துல கால்வாசிகூட வராது. நான் இப்படித்தான் போட்டேன்.

பழைய_ஆர்எஸ்ஓ:
டாக்டர் சொல்வது வேலை செய்யும். பேட்ஜ் வந்ததும் கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேட்ஜ் இருந்தும் பாழாக்குகிறவர்கள் நிறைய. நெஞ்சு மட்டத்தில், ஏப்ரன் போட்டால் அதற்கு உள்ளே மாட்ட வேண்டும். வேலை முடிந்து போகும்போது ஏப்ரன் ஸ்டாண்டிலேயே குத்திவிட்டுப் போகாதீர்கள். அந்த ஸ்டாண்டு எக்ஸ்ரே அறைக்குள் இருந்தால் ராத்திரி எடுக்கிற ஒவ்வொரு படமும் உங்கள் கணக்கில் ஏறும். உள்ளே ஒரு சின்ன உலோகத் தகட்டில் மூன்று வில்லைகள் இருக்கும். ஒன்றுக்கு மேல் உலோக வடிகட்டி, ஒன்றுக்கு பிளாஸ்டிக், ஒன்று திறந்தபடி. மூன்றிலும் விழுந்த அளவை ஒப்பிட்டு எந்த மாதிரிக் கதிர் என்று லேப் கண்டுபிடிக்கும். தகட்டைப் பிரித்து மாற்றிப் போட்டால் கணக்கே தப்பிவிடும். கன்ட்ரோல் என்று எழுதிய பேட்ஜ் ஒன்று வரும், அதை யாரும் போடக் கூடாது. கதிர் படாத இடத்தில் வைத்து மற்றவற்றோடு திருப்பி அனுப்ப வேண்டும். அளவு திடீரென்று ஏறினால் விசாரணை வரும், அதற்குப் பயந்து பேட்ஜைக் கழற்றி வைக்கிறவர்களும் உண்டு. அது தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வது.

பார்க்காத ஆர்எஸ்ஓ பற்றி: அவர் பெயரும் கையெழுத்தும் ஆவணத்தில் இருக்கும். அவரையே போனில் பிடித்து, "சார், நான் இங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் டெக்னீஷியன், உங்களை அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று" என்று பேசுங்கள். பொறுப்பு தன் பெயரில் இருக்கிறது என்று நினைவு வந்தால் பலர் ஓடி வருவார்கள்.

ஓடி_சிஸ்டர்:
சார் சொன்ன மாதிரி ஏப்ரனை சி-ஆர்முக்கு அடியில விரிச்சுப் பாத்தோம். தோள் பக்கத்துல ஒரு கோடு, இடுப்புல ரெண்டு. போட்டோ எடுத்து நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மேடத்துக்கு அனுப்பிட்டேன். புது ஏப்ரன் நாலு கொட்டேஷன் கேட்டிருக்காங்களாம். பேட்ஜ் பத்தி இன்னும் வாயே திறக்கல.

வைப்பாறு_பொண்ணு:
மெயில் அனுப்பிட்டேன். ஆதார் காப்பியும் போட்டோவும் கேட்டிருக்காங்க, பேட்ஜுக்குத்தானாம். வந்தாத்தான் நம்புவேன். சார், ஒரு சந்தேகம். கூட இருக்கிற அக்கா சாயங்காலம் இன்னொரு கிளினிக்லயும் எக்ஸ்ரே பாக்கிறாங்க. ஒரே பேட்ஜை ரெண்டு இடத்துலயும் போட்டுக்கலாமா?

பழைய_ஆர்எஸ்ஓ:
கூடாது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி பேட்ஜ் தர வேண்டும். ஆனால் அவருடைய தனிப்பட்ட எண் ஒன்றுதான், இரண்டாவது இடத்தில் விண்ணப்பிக்கும்போது அந்தப் பழைய எண்ணையே குறிப்பிடச் சொல்லுங்கள். புது ஆள் என்று போட்டால் இரண்டு இடத்து அளவையும் யாரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். வரம்பு ஆளுக்கு, கிளினிக்குக்கு அல்ல.